சுரண்டச் சொன்னவள்

ஆதிரை தூங்கிவிட்டாள். இனி ஒன்றரை மணி நேரம் கிடைக்கும், முரண்டு பிடிக்காமல் தூங்கினால் இரண்டு. அதற்குள் மூன்று ஜன்னல், இரண்டு கதவு நிலை, கூடத்துத் தரை. வாளிகளை வரிசையாக வைத்தாயிற்று, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் துணி அலச, ஒன்றில் நல்ல தண்ணீர். கலந்துவிடக் கூடாது. துணியை ஒரு முறை இழுத்தால் மடித்து அடுத்த பக்கம், நாலு பக்கமும் ஆனதும் அலசல், மூன்றாம் நாள் துணியையே பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். இப்படி எறிந்து எறிந்து என் நூல் புடவைகளில் ஏழு போய்விட்டன. இன்றைக்குக் கையில் இருப்பது மாம்பழக் கலர், வளைகாப்புக்கு மறுநாள் கட்டியது, அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். விளக்குமாறு இந்த வீட்டில் கிடையாது. கூட்டினால் தூசி எழும்பும், எழும்பினால் அவள் மூக்குக்கும் விரலுக்கும் வாய்க்கும் போகும், அதனால் ஈரத்துணிதான், காலை, மதியம், சாயங்காலம். எதிர்வீட்டு ஸ்டெல்லா, "என்ன மங்கை, உன் வீட்டுக்கு மூணு வேளையும் குளிப்பாட்டா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். கேட்கட்டும். அவள் பையன் சுவரைப் பெயர்த்துத் தின்றாலும் மைக் இல்லாமல் பிரசங்கம் பண்ணுவான். என் பெண்ணுக்கு இரண்டரை வயதாகிறது. இன்றைக்கு நம்பர் வரும். என் வீட்டுக்காரர் குணசீலன் முதல் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், ஆதிரையிடம் எடுத்த ரத்தத்தில் காரீயம் எத்தனை இருக்கிறது என்று சென்னையிலிருந்து சீட்டு வந்திருக்கும். போன தடவை நாற்பத்தொன்று. நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும், ஊசி மருந்து, அது சிறுநீரகத்தையும் பதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறங்கியிருந்தால் இப்படியே துடைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு மணிக்கு மேல்தான் சீட்டு தருவார்கள். இப்போது ஒன்றே முக்கால்.

முதலில் ஒன்பதுதான் இருந்தது. அதை நினைக்கக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் துணியைப் பிழிகிறேன். ஒன்பது. தை மாதம், கரும்பு அரவை உச்சத்தில் இருந்தபோது, ஒரு காலேஜிலிருந்து ஒரு பெண் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆலைக் குடியிருப்புக்கு வந்தாள். வெள்ளைக்காரன் காலத்து வீடுகள் இவை, தடித்த சுவர், தேக்கு ஜன்னல், எத்தனை தடவை அடித்தாலும் அதே பச்சை. கருவியைச் சுவரில் வைத்தாள், ஒன்றுமில்லை, சுண்ணாம்பு. ஜன்னலில் வைத்தாள், கீச்சென்றது, அவள் முகம் மாறியது. மேலே இருக்கிற பச்சையெல்லாம் சும்மா அக்கா, அடியில ஒரு பழைய பச்சை இருக்கு, அதுக்கும் அடியில ஒரு வெள்ளை, அதுலதான் இருக்கு என்றாள். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இல்லை, இது காரீயம், வேற என்று இரண்டு தடவை சொன்னாள், நான் என்ன கேட்கப்போகிறேன் என்று தெரிந்துகொண்டு. மூடிக் கிடக்கிறவரை பிரச்சினை இல்லையாம். ஜன்னலைத் திறந்து மூடும்போது பலகையும் சட்டமும் உரசுகிற இடத்தில் மாவாக உதிருமாம், அந்த மாவு பட்ட விரலைக் குழந்தை வாயில் வைத்தால் போதுமாம், கொஞ்சம் இனிப்பாகக்கூட இருக்குமாம். சர்க்கரை ஆலையில ஜன்னலும் இனிக்குதா என்று நான் சிரித்தேன். எங்களுக்குத் தூசி என்றால் சக்கைக் கரிதான், பாய்லர் புகைபோக்கியிலிருந்து வந்து காயப்போட்ட வேட்டிமேல் கறுப்பாக உட்காருமே, அது. அதைத் துடைத்தே இங்கே பெண்களுக்கு வயதாகிவிடும். பச்சையாக ஒரு தூசி இருக்கும், அது கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள். அவள் ஆறு இடத்தில் சிவப்பு வட்டம் ஒட்டினாள், பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் போனார்கள், ஆதிரைக்கு ஒன்பது. கொஞ்சம் கூடுதல்தான், வழியை அடைச்சிட்டா தானா இறங்கிடும் என்றார்கள். ஆலை இன்ஜினியர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஜன்னல மாத்தணும்னா டெண்டர் விடணும்மா, அது எப்ப வருமோ. இப்போதைக்கு மேல கெட்டியா பெயிண்ட் அடிச்சு மூடிடறோம். ஒண்ணே ஒண்ணு. பழச யாரும் சுரண்டக் கூடாது." நான் தலையாட்டினேன். காது எனக்கு நன்றாகத்தான் கேட்கும்.

கேட்டது, ஆனால் எனக்குள் எப்படி இறங்கியது என்பதுதான் விஷயம். சுரண்டாமல் பெயிண்ட் அடிப்பதா. உலகத்தில் எந்த வீட்டில் நடந்திருக்கிறது. சரி, இவர்களே வேலையைக் குறைத்துக்கொள்ள ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆபீஸும் கான்ட்ராக்டரும் கூட்டு என்றுதான் தோன்றியது. நான் யார், மங்கையர்க்கரசி, சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதவள், ரவிக்கைத் துணியில் மிச்சம் எங்கே என்று தையல்காரரை மடக்கியவள், என்னை ஒருத்தன் ஏமாற்றிவிட முடியுமா. அந்த மிதப்பு இருக்கிறதே. இப்போது அதை நினைத்தால் துணியால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது. இந்த மூலையில் மறுபடி ஏதோ இருக்கிறது, பச்சையா, என் கண்ணா, துடை, மடி, துடை. மாசி மாதம் ராயப்பன் வந்தார், ஐம்பத்தைந்து வயதிருக்கும், முப்பது வருஷமாக இந்தக் காலனி ஜன்னல்களுக்கு அடிக்கிறவர். டப்பாவைத் திறந்து நேராகப் பிரஷ்ஷை முக்கினார். எனக்குப் பொறுக்குமா. "என்னண்ணே, சுரண்ட வேணாமா" என்றேன். "சுரண்டாதன்னு இன்ஜினியர் சொல்லியிருக்காரும்மா" என்றார். "சுரண்டாம அடிச்ச பெயிண்டு எத்தனை நாளைக்கு நிக்கும்? அடுத்த மழைக்கு உரிஞ்சு தொங்கும். அப்ப நான் உங்கள எங்க போய்த் தேடுறது? மேலாக்கப் பூசிட்டுப் போற கதையெல்லாம் என்கிட்ட வேணாம்" என்றேன். அவர் பிரஷ்ஷைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "நீங்க சொல்றதும் சரிதாம்மா. இப்படி அடிக்க எனக்கே கை வர மாட்டேங்குது" என்றார். அவ்வளவுதான் நடந்தது. சண்டைகூட இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த நல்ல வேலை எதுவோ அதைச் செய்தோம். பையிலிருந்து தகட்டையும் உப்புத்தாளையும் எடுத்தார், நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

நாலு நாள். தேக்கு தெரிகிறவரை தேய்த்தார். அந்த மூலை விட்டுப்போச்சு, கம்பிக்குப் பின்னால விட்டுப்போச்சு என்று நான் பக்கத்திலேயே நின்றேன், ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு. இடுப்பு வலித்தபோது இறக்கி விட்டேன். தரையெல்லாம் கோலமாவு போலப் பச்சை. இவள் அதில் உட்கார்ந்து விரலால் கோடு போட்டாள். கோடு போட்ட விரல் எங்கே போகும், இரண்டு வயதுப் பிள்ளையின் விரல் எங்கே போகும், பெற்றவளுக்குத் தெரியாதா. சாயங்காலம் தென்னை விளக்குமாற்றால் கூட்டினேன், பாயை உதறினேன், அந்தப் புழுதிக்கு நடுவில்தான் சோறு ஊட்டினேன். மூன்றாம் நாள் இவள் தலைமுடி முழுக்கப் பச்சை. கிளிக்குஞ்சு என்று சொல்லிச் சிரித்து, ஃபோனில் படமெடுத்து, தங்கச்சிக்கு அனுப்பினேன். அவளும் சிரித்து அனுப்பினாள். அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. அழித்தால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று ஆகிவிடும், வைத்திருந்தால் பார்க்க வேண்டியிருக்கிறது. பங்குனியில் வயிற்று வலி என்று சுருண்டு சுருண்டு அழுதாள், சோறு இறங்கவில்லை, ரத்தம் எடுத்தார்கள், நாற்பத்தொன்று. டாக்டர் சின்னப் பெண்தான், என்னைவிட வயது குறைவு. வீட்டுல ஏதாவது சுரண்டுனீங்களா என்று நேராகக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "பெயிண்டர் சுரண்டிட்டான் மேடம், சுரண்டாதன்னு சொல்லியும் சுரண்டிட்டான்" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். இல்லை மேடம், நான்தான் என்று மூன்று வார்த்தை. வாய் திறந்துதான் இருந்தது. இவர் என் முதுகில் கை வைத்திருந்தார், நான் அழுகிறேன் என்று நினைத்து. அந்தக் கை எடுபட்டுவிடுமே என்று பயந்தேன், அதுதான் உண்மை, வேறு ஒன்றுமில்லை. என் குழந்தை மடியில் கிடந்து முனகுகிறது, எனக்கு என் முதுகு பெரிதாக இருந்திருக்கிறது.

முதல் ஜன்னல் முடிந்தது. தண்ணீரை மாற்ற வேண்டும். இந்தத் தண்ணீரை வாசலில் கொட்டக் கூடாது, செடிக்கு ஊற்றக் கூடாது, கக்கூஸில்தான். வாளியைத் தூக்கும்போது தளும்பினால் தளும்பின இடத்தையும் துடைக்க வேண்டும், துடைத்த துணியை அலச வேண்டும், அலசின தண்ணீரைக் கொட்ட வேண்டும், இதற்கு முடிவு எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் வாளியோடு நடுக்கூடத்தில் நின்றுவிட்டேன். சுரண்டின பிறகு ராயப்பன் மூன்று கோட்டு அடித்தார், பளபளவென்று இருக்கிறது, கல்யாண வீடு போல. ஆனால் தூசி போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது, ஓட்டு இடுக்குக்கு, தரை வெடிப்புக்கு, பாய்க்கு, தலையணைக்கு, அவள் எலும்புக்கு. எலும்புக்குள் போய்ச் சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்றாள் டாக்டர். உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். எலும்பைத் துடைக்க முடியாது. வேறு வீட்டுக்குப் போகலாமே என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறார்கள். பின்வரிசையில் புது வீடு இரண்டுதான், பட்டியலில் நாங்கள் அறுபத்து மூன்றாவது. வெளியே வாடகை இவர் சம்பளத்துக்குக் கட்டாது. தவிர, வெளியே பார்த்த ஒரே வீட்டிலும் ஜன்னல் பழையது, நான் நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே ஒரு வெள்ளை தெரிந்தது, கையை உதறிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் மனிதர்களைப் பார்ப்பதில்லை, ஜன்னலைத்தான் பார்க்கிறேன். போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டார்கள், எனக்கு நிலைக்கதவில் உரிந்திருந்த நீலம்தான் ஞாபகம் இருந்தது.

பதினாலு வார்த்தை. ஆதிரை பேசுவதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன், அம்மா, அப்பா, தா, மம்மு, மியா, கரும்பு வண்டி போனால் டாட்டர், எல்லாம் சேர்த்துப் பதினாலு. இப்போது நாலு. முதலில் மியா போனது. பூனையைக் காட்டினால் பூனையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று தெரிகிறது, அது எங்கே என்று தெரியவில்லை, கோபம் வந்து தரையில் தலையை முட்டுகிறாள். "நம்பர் இறங்கினா பேச்சு வந்துருமா மேடம்" என்று கேட்டேன். "நம்பர் இறங்கும்மா, மெதுவா இறங்கும். பேச்சு அதோட சேர்ந்து திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. பேசிக்கிட்டே இருங்க அவகிட்ட" என்றாள். அன்றைக்கு எனக்குப் புரிந்தது. போனது போனதுதான். புரிந்த பிறகும் துடைக்கிறேன், ஏன் என்று கேட்டால், துடைக்காத நேரத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போது இறங்கியிருந்தால், முப்பதுக்குக் கீழே என்றால், இவரிடம் சொல்லிவிடுவேன். சந்தோஷத்தில் இருப்பார், தாங்கிக்கொள்வார். ஏறியிருந்தாலும் சொல்லிவிடுவேன், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பொய்யோடு சேர்க்கக் கூடாது. நடுவில் இருந்தால்? நடுவில் இருந்தால் பார்க்கலாம். பார்த்தாயா, எத்தனை சாமர்த்தியம். கத்தரிக்காயில் புழு பார்க்கிற சாமர்த்தியம் எல்லாம் இங்கே வந்து நிற்கிறது. மணி இரண்டு ஐந்து. எனக்குப் பயமாக இருக்கிறது. துணியை இன்னொரு தடவை பிழிகிறேன்.

ராயப்பனுக்கு இந்தக் காலனியில் இப்போது வேலை இல்லை. என் வீட்டுக்காரர்தான் ஆபீஸில் போய் நின்று கத்தினார், சொன்ன பேச்சைக் கேட்காதவனை எதுக்கு வச்சிருக்கீங்க, என் புள்ளையைக் கெடுத்துட்டான் என்று. பேரை எடுத்துவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் போன வாரம் எனக்கு முன்னால் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவர் திரும்பி, "பாப்பா எப்படிம்மா இருக்கு" என்றார். நான் ஏதோ சொன்னேன். "உங்க பேர நான் எங்கயும் சொல்லலம்மா. சொல்லி என்ன ஆகப்போகுது. என் கைதான தேய்ச்சுச்சு" என்றார். அட்டையைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டிருந்தது. "கை என்னண்ணே" என்றேன். "அது ரொம்ப நாளா இப்படித்தான். வயித்து வலியும் உண்டு. பெயிண்டு வேலைன்னா வரும்" என்றார், ஜலதோஷத்தைச் சொல்வதுபோல. அந்தக் கருவிக்காரப் பெண் எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்தாள், முப்பது வருஷம் இந்த ஜன்னல்களைத் தேய்த்த மனுஷனுக்கு யாரும் எடுக்கவில்லை. நீங்களும் ஒரு தடவை பாருங்கண்ணே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார், டாக்டர் கேட்பாள், அவர் பதில் சொல்வார். சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பேர்ப்பட்டவள் நான். சாப்பாட்டு நேரத்தில் இவர் தினமும் அந்த மனுஷனைத் திட்டுகிறார், நான் குழம்பு ஊற்றுகிறேன். ஒரு நாள்கூடக் கரண்டி தவறவில்லை.

இரண்டாவது ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் இருந்தபோது ஃபோன் அடித்தது. சோப்புக் கையோடு எடுத்தேன். ஆதிரை ஒரு தடவை புரண்டு படுத்தாள்.

"முப்பத்தொம்பது" என்றார்.

முப்பத்தொம்பது. மூன்று மாதம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஏழு புடவை. நடுவில்தான் வந்து நின்றது, நான் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்த இடத்தில்.

"ரெண்டு எறங்கியிருக்கு மங்கை. ஏறலையேன்னு சந்தோசப்படுங்கன்னாங்க. மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுக்கணுமாம். பேச்சுக்கு ஒரு பயிற்சி இருக்காம், வாரம் ரெண்டு நாள் இங்க கூட்டிட்டு வரணுமாம்." பின்னால் பஸ்களின் ஹாரன். "அந்தப் பாவி ராயப்பன் மட்டும் சொன்ன பேச்சக் கேட்டிருந்தா..."

"ஏங்க" என்றேன். "நான்தான் சுரண்டச் சொன்னேன்."

சொல்லிவிட்டேன். யோசிக்கவில்லை, தும்மல் போல வந்துவிட்டது.

"தெரியும்" என்றார்.

"ராயப்பன் சொன்னாரா?"

"அவன் ஒண்ணும் சொல்லல. மொத நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். வேலிகிட்ட வரும்போதே உன் சத்தம் கேட்டுச்சு. அந்த மூலை, இந்த மூலைன்னு அவன வெரட்டிக்கிட்டு இருந்த. நீ நல்லாத்தான் வேலை வாங்குறன்னு நெனச்சேன். சுரண்டாம எவன் பெயிண்ட் அடிப்பான்."

"நீங்க அன்னைக்குச் சாப்பிட வரலையே."

"வாசப்படி வரைக்கும் வந்தேன். உள்ள ஒரே தூசி. மூச்சு முட்டிச்சு. சரின்னு கேன்டீன்லயே சாப்ட்டுக்கிட்டேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். எனக்குத்தான் வாய் இருக்கிறதே, ஊரே சொல்லும். மூன்று மாதமாக என் எதிரில் உட்கார்ந்து அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே சாப்பிட்ட இவரும், குழம்பு ஊற்றிய நானும். யாரை யார் திட்டுவது. ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"அப்ப இவ எங்க இருந்தா?"

"கூடத்துலதான். தரையில உக்காந்திருந்தா. என்னப் பாத்து அப்பான்னு கூப்ட்டு கை ஆட்டுனா" என்றார். "நானும் ஆட்டிட்டுத்தான் போனேன்."

பிறகு, பஸ் வந்துவிட்டது, வைக்கிறேன் என்றார்.